லாரி வராத நாளின் மாத்திரை

1

இந்தக் கதை ஒரு கேள்வித்தாளில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் என் கதைகள் வழக்கமாக அப்படிப் பிறப்பதில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் பிறக்கும், பேருந்து நிறுத்தத்தில் பிறக்கும், யாரோ யார் சட்டையிலோ காபியைக் கொட்டும்போது பிறக்கும். என்னைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஷிஜி என் கல்லூரி விடுதியில் அறைத்தோழி. நாகர்கோவில்காரி. இப்போது பெண்கள் நலம் பற்றி ஆய்வுகள் செய்கிறாள். நகரத்தில் ஒரு முறைக்கு மேல் கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்கள் யார், என்ன வயது, எதுவரை படிப்பு, எத்தனை பிள்ளைகள், அதில் பெண் எத்தனை, கணவருக்கு என்ன வேலை, கூட யார் வந்தார்கள் என்று நான்கு பக்கக் கேள்விகளோடு பெரம்பூரில் என் வீட்டுக்கு வந்தாள்.

“ஏட்டி, இத பொம்பளைங்களுக்குப் புரியிற மாதிரி எழுதித் தா. குடும்பத் தமிழ் எழுதுறவ நீதானே.”

குடும்பத் தமிழ். உண்மைதான். நான் இருபத்தாறு குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். அதில் இருபத்து மூன்றில் கதாநாயகி கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் மயங்கி விழுகிறாள். மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். வீட்டில் சர்க்கரை தேடுகிறார்கள். இருபத்து மூன்று பெண்களில் ஒருத்தியிடம்கூட, “உனக்கு இது இப்போ வேணுமாம்மா?” என்று நான் கேட்டதில்லை.

கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். “நீயே வந்து கேளு, உன்கிட்ட பேசுவாங்க” என்றாள். போனேன். அங்கேதான் இந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

எண்ணூர் விரைவுச் சாலையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, கண்களில் காதலும் கையில் டிபன் கேரியருமாக, தன் கணவனின் லாரியைத் தேடி அவள்

(நிறுத்திவிட்டேன். அவள் டிபன் கேரியர் எடுத்துக்கொண்டு போனதில்லை. எடுத்துக்கொண்டு போனது நான். என் பேனா எங்கே போனாலும் கையில் ஒரு டிபன் கேரியரோடு போகிறது.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

பதிலளிப்பவர் வயது 29. படிப்பு பத்தாம் வகுப்பு. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். பெண் குழந்தைகள் 2. கணவர் தொழில்: ஓட்டுநர். இதற்கு முன் கருக்கலைப்பு: 2.

(இது ஷிஜிக்குப் பிடித்தது. “இதுல என்ன குறை?” என்றாள். குறை ஒன்றும் இல்லை. படித்து முடித்ததும் எனக்கு அந்தப் பெண்ணின் முகம் மறந்துபோனது, அவ்வளவுதான்.)

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

வடசென்னையில் ஒரு மருத்துவமனை. எது என்று சொல்ல மாட்டேன். குடும்ப நலப் பிரிவுக்கு வெளியே, எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், எங்களுக்கு இரண்டு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் ஷிஜி, ஒன்றில் நான்.

“இன்னாக்கா, இதுவும் ஆதார் கார்டுக்கா?” என்று கேட்டபடியே அவள் உட்கார்ந்தாள்.

“இல்லம்மா, ஆய்வு. உங்க பேரு எங்கயும் வராது.”

“பேரு வராட்டி இன்னாத்துக்கு எழுதறே? வரட்டும். தமன்னான்னு போடு.”

“அதா உங்க பேரு?”

“என் மூஞ்சப் பாரு. என் வூட்டுக்காரரு கையில இந்தப் பேப்பர குடுத்தாக்கூட அது நானுன்னு நம்ப மாட்டாரு. அதான் சேஃப்டி.”

சிரித்தோம். ஆகவே இந்தக் கதை முழுக்க அவள் தமன்னாதான். அவள் வேலையையும் இதுவரை மூன்று முறை மாற்றிவிட்டேன். ஒரு பிரதியில் காசிமேட்டில் இறால் உரித்தாள், இன்னொன்றில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்தாள். இந்தப் பிரதியில் வேலையைச் சொல்லாமலே விட்டுவிடுகிறேன். அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. இந்தக் கதையில் நான் பயப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

“இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?”

அவள் மேசை விளிம்புக்குக் கீழே இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு மூன்றாவதையும் நீட்டி, “இது,” என்றாள்.

“தடுப்புக்கு ஏதாவது?”

“மாத்திர.”

“ஒழுங்கா போடுவீங்களா?”

“ஒயுங்கா போடுவேங்கா! ஒரு நாளு தப்பினது இல்ல. அவரு வர்ற அன்னிக்கு கரீட்டா ஒண்ணு.”

நான் எழுதிக்கொண்டே போய், ‘அன்னிக்கு’ என்ற இடத்தில் நின்றேன்.

“வர்ற அன்னிக்குன்னா?”

4

(இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். வடசென்னைக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.)

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். சில நாள் மணிக்கணக்கில் முடிந்துவிடும். சில சமயம் இரண்டு நாள், மூன்று நாள். ஸ்டியரிங்குக்கு அடியில் சமைத்து, ஸ்டியரிங் மேலேயே தலைசாய்த்துத் தூங்குவார்கள். தமன்னாவின் கணவர் வெளியூர் சரக்கும் ஏற்றுகிறவர். சில சமயம் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆளே இருக்க மாட்டார். ஆனால் வரிசை அவர் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால், பின்னால் நிற்கும் லாரிக்காரரிடம் “மாமு, பாத்துக்க” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்து வந்துவிடுவார். இரண்டு மணி நேரம். குளியல், சோறு, பெரிய பெண்ணின் நோட்டில் ஒரு கையெழுத்து, தமன்னாவின் மாமியாரைக் கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்ப ஒரு சாக்கு. வரிசை நகர்கிறது என்று போன் வரும். ஓடுவார்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. தினமும் ஒன்று போட வேண்டிய மாத்திரை. அவள் கணக்கில் ஓர் அட்டை மூன்று மாதம் வந்தது.

“தினமும் போடச் சொல்லிக் குடுத்திருப்பாங்களே?”

“சொன்னாங்க, தெனிக்கும் ஒண்ணுன்னு. அவரு தெனிக்குமா வர்றாரு? இல்லாத நாளுக்கு போட்டா வேஸ்ட்டு. ஒடம்புக்கு சூடு வேற.”

நான் விளக்கினேன். எனக்குத் தெரிந்த அளவு. மீதியைப் பக்கத்து மேசையிலிருந்து ஷிஜி எழுந்து வந்து விளக்கினாள். தமன்னா முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“அப்போ என் ஒடம்பு இன்னா, நல்லாத்தான் கீதா? நா தொட்டாலே கரு நிக்கிற ஒடம்புன்னு நெனச்சிகினு கீறேன் இத்தினி வருசமா. மூணு வாட்டியும் அந்த மாத்திரயாலதானா?”

ஷிஜி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“அட கடவுளே. ஒயுங்கா இருந்தேங்கா நானு.”

அட்டவணையில் ‘கணவர் தொழில்: ஓட்டுநர்’ என்றிருந்தது. ‘தடுப்பு முறை: மாத்திரை’ என்றும் இருந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு கோடு. அவளுடைய ஒன்பது வருடம் அந்தக் கோட்டுக்குள் இருந்தது.

குறிப்பு, அடியில் போட வேண்டியது: ஷிஜி என்னைக் கண்டித்தாள். “காரணம்னு எழுதாத. தொடர்புன்னு எழுது. ஒருத்திக்கு ரெண்டும் பொண்ணு, ஒருத்திக்குக் கல்யாணமே ஆகல்ல, ஒருத்தி வாடகை வீட்டுல மூணாவதுக்கு எடமில்லன்னு வந்தா, ஒருத்திகிட்ட காப்பர்-டி போட்டா கேன்சர் வரும்னு யாரோ சொல்லியிருக்காங்க. எதுவும் காரணம் இல்ல. எல்லாத்துக்கும் தொடர்பு இருக்கு.” எனக்குக் குழப்பம் அங்கே ஆரம்பித்தது. காரணம் இல்லாமல் எனக்குக் கதை எழுதத் தெரியாது. பிரிந்த காதலர்களுக்கு நடுவே ஒரு வில்லி, ஒரு கடிதம், ஒரு விபத்து என்று ஏதாவது வேண்டும். வெறும் தொடர்புகளை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

5

கணவரைத் திட்டலாம் என்று நினைத்தேன்.

அவருக்கு ஜெயவேல் என்று பெயர் வைத்தேன். முதல் பிரதியில் குடிக்க வைத்தேன். தட்டை எறிய வைத்தேன். எழுத எளிதாக இருந்தது, ஒரே மூச்சில் ஆறு பக்கம். அடுத்த முறை தமன்னாவைப் பார்த்தபோது, “உங்க வீட்டுக்காரர் கோபக்காரரா?” என்று கேட்டேன்.

“அதா? அது சாது. ஹாரன் அடிக்கவே கூச்சப்படும்.”

ஆறு பக்கமும் போனது.

“அப்புறம் ஏன் அவர்கிட்ட ஒண்ணையுமே சொல்லல? மூணு தடவை!”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவள் எப்படிக் கதையெல்லாம் எழுதுகிறாள் என்ற சந்தேகம் இருந்தது.

“சொன்னா இன்னாக்கா செய்வாரு? அடிப்பாரா? மாட்டாரு. சந்தோசப்படுவாரு. அதாங்கா பேஜாரு.”

நான் நோட்டைப் புரட்டி எழுத ஆரம்பித்தேன்.

“ரெண்டு பொண்ணுங்க வயித்துல நின்னப்பவும் சந்தோசப்பட்டாரு. ஒரு தபா மங்களூர்லேந்து பலாப்பயம் எடுத்துகினு வந்தாரு, லாரில. அந்த மூஞ்சிய வெச்சிகினு நா எப்டி வேணான்றது? எங்க அத்தயும் அப்டித்தான். இந்த வாட்டி பையன்னு ஊரெல்லாம் சொல்லிடும். ரெண்டு பேரும் சந்தோசமா கீறாங்க, நா மட்டும் குப்புற வியணும்.”

இதை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, என் நாவல்களில் இரண்டை எடுத்து அந்தக் கடைசிக்கு முந்தைய அத்தியாயங்களைப் படித்துப் பார்த்தேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எல்லோரும். நான் எதையும் பொய்யாக எழுதவில்லை, அதுதான் என்னை

(இந்த வாக்கியத்தை நாலு நாளாக முடிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

6

தமன்னாவுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த முறை கலைப்பதோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டு, இனி இந்த மேசைப் பக்கமே வராமல் இருப்பது.

வார்டில் இருந்த சிஸ்டர், “வூட்டுக்காரரு கையெழுத்து வாங்கினு வா,” என்றார்.

“மேஜரான பொம்பளைக்கு அவ கையெழுத்து போதும் சிஸ்டர், புருஷன் கையெழுத்து சட்டத்துல எங்கயும் கேக்கல்ல,” என்று ஷிஜி ஒரு தாளை நீட்டினாள்.

“எனக்கும் தெரியும்மா. நாளிக்கி அந்தாளு நாலு பேர இட்டுகினு வந்து, எம் பொண்டாட்டிக்கு எப்டி பண்ணேன்னு சத்தம் போட்டா, உன் சட்டம் வந்து வார்டுல நிக்குமா? நாந்தான் நிக்கணும்.”

சிஸ்டரை வில்லியாக்கலாம் என்று அந்த நிமிடமே ஆசைப்பட்டேன். ஆனால் அவர் அதைச் சொன்னபோது, தமன்னாவின் ரத்த அழுத்தம் பார்த்த பட்டையைக் கழற்றிவிட்டு, அவள் கையைத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தார். பட்டை இறுக்கிய இடத்தை. வில்லிகள் அப்படிச் செய்தால் எனக்கு எழுத வராது.

பெரிய டாக்டர் வந்து, அவள் கையெழுத்தே போதும் என்றார். புதன்கிழமை என்று சீட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே தலைநிமிராமல் கேட்டார்:

“வீட்ல பாத்துக்க ஆள் இருக்கா? ஒரு வாரம் கனமா எதுவும் தூக்கக் கூடாது.”

தமன்னா “கீறாங்க டாக்டர்” என்றாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“யாரு இருக்காங்க?” என்றேன்.

“அத்ததான்.”

முதல் இரண்டு முறையும் மறைத்துவிட்டாள். மாதவிலக்கு கொஞ்சம் அதிகமாகப் போகிறது என்று சொல்லிவிட்டு மறுநாளே தண்ணீர் லாரிக்கு நின்றிருக்கிறாள். அவர்கள் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் லாரி வரும். ஒரு வீட்டுக்கு எட்டுக் குடம், மாடிக்குத் தூக்க வேண்டும். இந்த முறை வயிற்றில் தையல் இருக்கும். ஒரு வாரம் என்றால் மூன்று லாரி. யாரோ தூக்கியாக வேண்டும். தூக்குகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“நான் வேணா வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“நீ வந்து எங்க வூட்டு கொடத்த தூக்கினா தெருவே வந்து இன்னான்னு கேக்கும். பேசாம குந்துக்கா.”

7

முடிவுகளைப் பற்றி.

திருவொற்றியூரில் ஒரு ஜூஸ் கடையில் அவளுக்கு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். சாத்துக்குடிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். லாரி வரிசை வந்த இடத்தில் எனக்குப் பயம். “இதை மாத்திடவா? கண்டுபிடிச்சிடுவாங்களோ?” என்றேன்.

“வுடு. ஆயிரம் லாரி நிக்கிது அந்த ரோட்ல. எந்த லாரி, எந்த வூடுன்னு எவன் கண்டான்?”

ஆகவே அது மட்டும் நிஜமாக இருக்கிறது.

முடிவு ஒன்று: ஜெயவேலுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. வரிசையில் லாரியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடி வருகிறார். “என்கிட்ட சொல்லக் கூடாதா?” என்று அவள் கையைப் பிடித்து, கண்ணீரோடு கையெழுத்துப் போடுகிறார்.

“லாரிய எவன் எடுக்கிறது? பின்னாடி கீறவன்லாம் கெட்ட வார்த்தைல திட்டுவான். வேற சொல்லு.”

முடிவு இரண்டு: அவள் தனியாகப் போகிறாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகளும் வாசலில்

“சாவடிச்சிட்டியா? ஏங்கா, நா உனக்கு இன்னா பண்ணேன்?”

அந்த முடிவைப் பேனாவால் அடித்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். தப்பு செய்தவள் செத்துப்போகும் கதையை எழுதுவது எத்தனை எளிது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் தப்பே செய்யவில்லை, ஒழுங்காக ஒரு மாத்திரை போட்டாள்.

முடிவு மூன்று: ஜெயவேல் தனக்கே ஆபரேஷன் செய்துகொள்கிறார். ஆண்களுக்கு அது இன்னும் சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஷிஜி சொல்லியிருந்தாள்.

தமன்னா சிரித்த சிரிப்பில் கடைக்காரர் மிக்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “டெட்டனஸ் ஊசிக்கே மயக்கம் போட்ட ஆளுக்கா அது!” சிரித்து முடித்து, ஸ்டிராவை வளைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, “கேட்டுப் பாக்கலாம்ல?” என்றாள். என்னிடம் கேட்டாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. “ஆனா அதுக்கு மொதல்ல எல்லாத்தயும் சொல்லணுமே.”

அப்புறம்தான் அதைச் சொன்னாள்.

“உனக்கு ஒண்ணு தெரியாது. எங்க அத்த உன் கதய படிக்கும்.”

“என்னது?”

“லைப்ரரிலேந்து எடுத்துகினு வரும். கண்ணாடி போட்டுகினு ஒரு வரி வுடாது. உன் பேர சொன்னேன் ஒரு தபா, இந்தம்மா எழுதறது எப்டி கீதுன்னு. ‘அது நல்லா எழுதும்டி, மாமியார கெட்டவளா காட்டாது’ன்னுச்சு.”

என் கையில் இருந்த தாள்களைச் சட்டென்று மடித்தேன். “அப்போ இதை நான் வெளியிட மாட்டேன்.”

“வெளியிடு.”

“கண்டுபிடிச்சிடுவாங்க!”

“கண்டுபிடிக்கக் கூடாது. ஆனா படிக்கணும்.”

“ரெண்டும் எப்படி முடியும்?”

“அது உன் வேலக்கா. எனக்கு நேரா நின்னு சொல்ல வாய் வரல. நீ சொல்லு. ஆனா நானுன்னு சொல்லாத. படிச்சிட்டு அதும்பாட்டுக்கு யோசிக்கட்டும். அப்பால நா புதன்கிழம போய்ட்டு வந்து வயித்து வலின்னு படுத்தா...” அவள் டம்ளரைச் சாய்த்து உறிஞ்சினாள். சாறு தீர்ந்து ஸ்டிரா சத்தம் போட்டது.

ஷிஜியிடம் சொன்னேன். “ஆய்வுக்கு வந்தவளோட மாமியாருக்கு லெட்டர் எழுதுறியா? அறிவிருக்கா உனக்கு?” என்றாள். பிறகு, கிளம்பும்போது, “நல்லா எழுது ஏட்டி,” என்றாள். இவளுக்கும் குழப்பம்தான்.

8

ஆகவே, அத்தை.

உங்களைத்தான். இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் என்னைப் படிக்கும் அத்தைகள் நிறைய. உங்கள் மகன் லாரி ஓட்டலாம், ஓட்டாமலும் இருக்கலாம். பேத்திகள் இரண்டோ மூன்றோ. இது என் மருமகளா என்று கேட்டு எழுதினால், இல்லை என்றுதான் பதில் போடுவேன். யார் கேட்டாலும் அதே பதில். உண்மையில் உங்கள் மருமகளாக இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் உங்களுக்குக் கடைசிவரை தீரக் கூடாது. அப்படித்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்களைக் கெட்டவராகக் காட்டவில்லை. கவனித்தீர்களா? நல்லவராகவும் காட்டவில்லை. எனக்கு உங்களைத் தெரியாது. இருபத்து மூன்று நாவல்களில் உங்களை நெற்றியைத் தொட்டுப் பார்க்க மட்டும்தான் வைத்திருந்தேன், தொட்டுப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதியதே இல்லை. நீங்களும் ஒரு காலத்தில் நாள் தள்ளிப்போனதை யாரிடமும் சொல்லாமல் விரல்விட்டு எண்ணியிருக்கலாம். அல்லது இதையெல்லாம் படித்துவிட்டு, கண்றாவி, இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று புத்தகத்தை மூடிவிடலாம். மூடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை மட்டும்.

ஏதோ ஒரு புதன்கிழமை. எந்த மாதம் என்று சொல்ல மாட்டேன், கடந்தும் போயிருக்கலாம். உங்கள் மருமகள் காலையில் வெளியே போய்விட்டுச் சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். வழக்கமாக நடந்து வருகிறவள். படியேறும்போது ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில். வயிற்று வலி, ஒரு வாரம் எதுவும் தூக்கக் கூடாதாம் என்கிறாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். பிள்ளைகள் வந்து அம்மாவுக்கு என்ன என்று உங்களைத்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்கலாம். அவள் சொல்லிவிடவும் கூடும், சொல்லத்தான் அவளுக்கு ஆசை. மகனுக்குப் போன் போடலாம். அவர் எங்கோ ஆந்திராவில் ஓட்டிக்கொண்டிருப்பார். எதுவும் கேட்காமல் ரசம் வைக்கலாம். இந்த மூன்றையும் நான் எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் உங்கள் குரல் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை. தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. பக்கத்து வீட்டில் குடங்கள் இறங்கும் சத்தம். அவள் விழித்துத்தான் இருக்கிறாள். பாயில் கையை ஊன்றி எழப் பார்க்கிறாள்.

எட்டுக் குடம், அத்தை. எழுந்து போவது யார் என்று நான் எழுதவில்லை.